முறுக்கினால் போதுமா? திரும்பி வர வேண்டாமா?



நம்மில் பலர் வீட்டில் அப்பாவோ அண்ணனோ ஓட்டும் பழைய பைக் ஒன்று இருக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபிறகு தயாராகும் பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் வாங்கிய 100 சிசி வண்டிகள் கார்புரேட்டரோடுதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது நிறைய வீடுகளில் நடக்கிற வேலை.

கழற்றுவது ஈஸி. திருப்பி மாட்டும்போது சின்னத் தப்பு நடந்தாலும் முறுக்கிய ஆக்சிலேட்டர் திரும்பி வராது. லீவு நாட்களில் நான் என் மாமாவின் பட்டறையில் வேலை பழகுகிறேன். அங்கே பார்த்ததையும் மாமா சொல்லிக் கொடுத்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

இதில் என்ன பெரிய ஆபத்து?

எங்கள் தெருவில் தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் தானே கார்புரேட்டரைச் சுத்தம் செய்து மாட்டினார். வண்டி கிளம்பியது. தெருமுனை வரை போய்ப் பார்க்கலாம் என்று முறுக்கியவருக்கு, கையை விட்டும் வேகம் குறையவில்லை. வண்டி எதிர்வீட்டுத் திண்ணையில் போய் மோதியது. மணிக்கட்டு ஒடிந்து மாவுக்கட்டு போட்டார்கள். இரண்டு மாதம் தறிப்பக்கமே போக முடியவில்லை. வீட்டில் வருமானமும் இல்லை. பிறகு அந்த வண்டி பட்டறைக்கு வந்தது. மாமா மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே எதுவும் உடையவில்லை. ஸ்லைடைத் திருப்பி மாட்டியிருந்தார், அவ்வளவுதான்!

ஆக்சிலேட்டர் எப்படி வேலை செய்கிறது?

கார்புரேட்டருக்குள் உருளை மாதிரி ஒரு ஸ்லைடு இருக்கும். நாம் கைப்பிடியை முறுக்கினால் கேபிள் அதை மேலே தூக்கும். அப்போது காற்றும் பெட்ரோலும் அதிகம் போகும், எஞ்சின் வேகம் எடுக்கும். கையை விட்டால் ஸ்லைடு கீழே இறங்கணும். அதை இறக்குவது யார்? கேபிளா? இல்லை! கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஸ்லைடின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங்தான் அதைக் கீழே அமுக்குகிறது. பெரிய வண்டிகள் சிலவற்றில் மூடுவதற்கென்றே இரண்டாவது கேபிள் உண்டு. நம்ம வீட்டுச் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் ஒரே கேபிள்தான்.

ஆகவே திறப்பது நம் கை, மூடுவது அந்த ஒரே ஒரு ஸ்பிரிங். அதன் வழியில் எது குறுக்கே வந்தாலும் ஆக்சிலேட்டர் சிக்கும்.

எங்கெல்லாம் சிக்கும்?

1. ஸ்லைடு திரும்பிப் போவது: ஸ்லைடின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் இருக்கும். கார்புரேட்டரின் உள்சுவரில் சின்ன முளை இருக்கும். முளை பள்ளத்துக்குள் உட்காரணும். ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்கணும். மாற்றிப் போட்டால் ஸ்லைடு முழுசாக இறங்காது. நாமோ மூடியை அழுத்தித் திருகிவிடுவோம். கிக்கரை உதைத்ததும் எஞ்சின் அலறும். இறங்கவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். வெளியே எடுத்துத் திருப்பிப் போடுங்கள்.

2. ஊசியின் கிளிப்: ஸ்லைடுக்குள் இருக்கும் ஊசியைப் பிடித்துக்கொள்ளும் தகடு சமமாக உட்காரணும். அது கோணலாக நின்றால் ஸ்பிரிங்கும் கோணலாக நிற்கும். ஊசி வளைந்திருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

3. தூசியும் நூலும்: பழைய துணியில் துடைத்தால் நூல் ஒட்டிக்கொள்ளும். ஒரு மணல் துகள் போதும், ஸ்லைடு பிடித்துக்கொள்ள. ஸ்லைடை உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது, கட்டிங் பிளேயரால் பிடிக்கவும் கூடாது.

4. போல்ட்டை அதிகமாக முறுக்குவது: கார்புரேட்டரை எஞ்சினோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். ஒரே பக்கம் வெறியோடு முறுக்கினால் கார்புரேட்டரின் உடம்பே கோணிப் போகும். கையில் வைத்துப் பார்த்தபோது வழுக்கிக்கொண்டு போன ஸ்லைடு, மாட்டியபிறகு சிக்குவது இதனால்தான்.

5. கேபிள் போகும் வழி: கேபிள் பழைய வழியிலேயே போகணும். டேங்குக்கு அடியில் நசுங்கக் கூடாது. கேபிளின் மேலுறை மூடியில் உள்ள குழிக்குள் சரியாக உட்காரணும். கைப்பிடி சும்மா சுழலும் தூரம் பல வண்டிகளுக்கு 2 முதல் 6 மில்லிமீட்டர். அதுகூட இல்லாமல் இறுக்கமாக இருந்தால், ஹேண்டிலைத் திருப்பும்போது தானாகவே ரேஸ் ஆகும்.

சில வண்டிகளில் கேபிள் ஸ்லைடைத் தூக்காது. பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தைச் சுற்றி, உள்ளே ஒரு வட்டத் தகட்டைத் திருப்பும். அங்கே கேபிள் சக்கரத்தின் பள்ளத்தை விட்டு வெளியே வராமல் பார்க்கணும்.

கிக்கரை உதைக்கும் முன்...

மாமா பட்டறையில் இந்தச் சோதனை இல்லாமல் ஒரு வண்டியும் வெளியே போகாது.

முதலில் ஏர் ஃபில்டர் குழாயை மாட்டுவதற்கு முன், கார்புரேட்டரின் வாய் வழியாகப் பாருங்கள். முறுக்கினால் ஸ்லைடு ஏறணும், விட்டால் 'டக்' என்ற சத்தத்தோடு இறங்கணும். மெதுவாக ஊர்ந்து வந்தால் அது பாஸ் இல்லை!

பிறகு டேங்க், சீட் எல்லாம் மாட்டி முடித்ததும் மறுபடி செய்யுங்கள். ஹேண்டில் நேராக, முழுக்க இடதுபக்கம், முழுக்க வலதுபக்கம் என மூன்று நிலையிலும் முறுக்கி விடுங்கள். மூன்றிலும் 'டக்' கேட்கணும். அதன்பிறகுதான் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில், ஒரு கையைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யணும். அலறினால் உடனே சாவியை ஆஃப் செய்துவிடலாம்.

இன்னொன்று, பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, அடுப்பு, விளக்கு இல்லாத திறந்த இடத்தில்தான் இந்த வேலையைச் செய்யணும்.

ஓடும்போதே சிக்கினால்?

பதறாமல் கிளட்சை முழுசாகப் பிடியுங்கள். எஞ்சின் கத்தும், கத்தட்டும். சக்கரத்துக்கு அதன் வேகம் போகாது. சாவியை ஆஃப் வரைக்கும் மட்டும் திருப்புங்கள், ஹேண்டில் லாக் பக்கம் போகக் கூடாது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து ஓரமாக நிறுத்துங்கள். ஓட்டிக்கொண்டே குனிந்து கார்புரேட்டரைப் பார்க்கவே கூடாது. இதை உங்கள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சொல்லிவையுங்கள்.

நண்பர்களே, கியர் வண்டி ஓட்ட நமக்கு 18 வயது ஆகணும். ஆகவே நாம் உதவி செய்து மாட்டும் வண்டியை ரோட்டில் ஓட்டப்போவது நாமல்ல, நம் வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் பத்திரமாகத் திரும்பி வருவது அந்தச் சின்ன 'டக்' சத்தத்தில் இருக்கிறது.

நினைவில் வைக்க: திறப்பது கை, மூடுவது ஸ்பிரிங். மூன்று நிலையிலும் 'டக்' கேட்ட பிறகே கிக்கர்!

- பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு