கோடை மழைக்கு முன்னால் வரும் காற்று

பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழா முடிந்த கையோடு எங்கள் கோபி வட்டாரத்தில் எல்லோருக்கும் வானத்தின் மேல் ஒரு கண் வந்துவிடும். குலை தள்ளிய கதலியும் நேந்திரனும் தோட்டம் நிறைய நிற்கும் பங்குனி, சித்திரையில்தான் வெயிலும் ஏறும், சூறைக்காற்றும் அடிக்கும். நானும் வாழை வைத்திருப்பவள். "இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு" என்று டிவியில் சொன்னால் ஊரே மழை வருமா என்றுதான் கேட்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது, தரைக்காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள் என்பதுதான்.

முதலில் வெயிலைச் சொல்லிவிடுகிறேன். ஈரோடு, கரூர் பரமத்தி, சேலம், தருமபுரி, வேலூர், திருத்தணி என்று கோடை தொடங்கியதுமே செய்திகளில் அடிபடும் ஊர்கள் எல்லாம் கரையை விட்டுத் தள்ளி இருப்பவை. சென்னையிலும் நாகையிலும் நண்பகல் வாக்கில் கடல்காற்று வந்துவிட்டால் வெப்பநிலை அதற்கு மேல் அதிகம் ஏறாது, புழுக்கம்தான் வாட்டும். எங்கள் பக்கம் மூன்று மணி வரை தரை காய்ந்துகொண்டே இருக்கும். 2024 கோடையில் ஈரோட்டில் 42 டிகிரியையும் தாண்டியது.

சமவெளியில் வெப்ப அலை என்று வானிலை ஆய்வுத் துறை அறிவிக்க வேண்டுமானால் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட வேண்டும். அதோடு அன்றைய இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 45 டிகிரி ஆகிவிட்டால் இயல்பைப் பார்ப்பதில்லை. ஆக, இயல்பே 38 உள்ள ஊரில் 41 டிகிரி அடித்தாலும் கணக்குப்படி அது வெப்ப அலை ஆகாது. இதை நம்பிக்கொண்டு பதினொரு மணிக்கு மேலும் இலை அறுக்க ஆட்களை நிறுத்தி வைப்பது கொடுமை. எங்கள் தோட்டத்தில் ஆறு மணிக்கு இறங்கிப் பத்தரைக்கெல்லாம் ஏறிவிடுவார்கள். மோரும் உப்புப் போட்ட நீச்சத்தண்ணியும் வரப்பிலேயே இருக்கும். பேச்சுக் குழறி, உடம்பு அனலாகக் கொதித்து ஆள் தடுமாறினால் நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் உயிர் போனால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு என்பது கூலிக்குப் போகிறவர்களில் எத்தனையோ பேருக்கு இன்னும் தெரியாது.

மழையைக் கட்டுவதும் இதே வெயில்தான். காய்ந்த தரை, தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்கி மேலே ஏற்றிவிடுகிறது. அந்தக் காற்றுக்கு ஈரம் வேண்டும். வங்கக் கடலிலிருந்து கிழக்குக் காற்று கொண்டுவரும். அரபிக் கடல் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் கொஞ்சம் நுழையும். திசை வேறான காற்றுகள் உள்மாவட்டங்களின் மேல் சந்திக்கும் நாட்களில்தான் இடிமேகம் கிளம்பும். "காற்றின் திசை மாறுபடும் பகுதி" என்று அறிக்கையில் வந்தால் அது இதுதான். பக்கத்தில் மலை இருந்துவிட்டால் சரிவே காற்றை மேலே தள்ளிவிடும். அதனால் கடம்பூர் மலையிலும் தாளவாடிப் பக்கமும் மத்தியானமே மேகம் கட்டிவிடும். பொழுது சாய்கிற நேரத்துக்குக் கீழே எங்கள் பக்கம் இறங்கும்.

மரத்தைச் சாய்க்கும் சூறைக்காற்று எங்கிருந்து வருகிறது? கோடையில் மேகத்தின் அடிக்கும் தரைக்கும் நடுவே காய்ந்த காற்று வெகு ஆழத்துக்கு நிற்கும். மேகத்திலிருந்து விழும் துளிகளில் பல அதற்குள் வரும்போதே ஆவியாகிவிடுகின்றன. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கின்றன. குளிர்ந்த காற்று கனம் கூடித் திமுதிமுவென்று இறங்கும். தரையில் மோதியதும் நாலா பக்கமும் பாயும். மழைக்கு முன்னால் சில்லென்று முகத்தில் அடிப்பது அந்தக் காற்றுதான். கீழே காற்று வறண்டு கிடக்கும் நாளில் இறங்கும் வேகமும் கூடும். அதனால்தான் நாலு தூறல் போட்டுவிட்டுத் தோட்டத்தையே படுக்கவைத்துப் போகும் மாலைகள் உண்டு. ஐப்பசியில் நாள் முழுக்க நனைந்தும் நிற்கிற வாழை, சித்திரையில் பத்து நிமிடம் தாங்குவதில்லை.

எங்கள் கதலித் தோட்டம் அப்படி ஒரு மாலை சாய்ந்தபோது விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். சிலது தண்டு நடுவில் மடங்கி, உள்ளே இருந்த வெள்ளை மட்டை பிதுங்கிக் கிடந்தது. கிழங்கோடு பெயர்ந்தவை எல்லாம் தண்ணீர் தேங்கி மண் இளகியிருந்த கடைக்கோடியில் நின்றவை. குலை தொங்கிய பக்கமே மரமும் விழுந்திருந்தது. நின்றவற்றின் இலைகள் கீற்றுக் கீற்றாகக் கிழிந்திருந்தன. கிழிந்த இலைக்குள் காற்று புகுந்து போய்விடும்; கிழியாத அகல இலை, படகின் பாய் போலக் காற்றை வாங்கி மரத்தையே இழுத்துக்கொண்டு போகும். காற்றின் வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால் மரத்தின் மேல் விழும் அழுத்தம் இரண்டேகால் மடங்கு ஆகிவிடும். 30 முதல் 40 என்று போட்டால் ஓரளவு நிம்மதி. 50 முதல் 60 என்றால் தூக்கம் வராது.

"சொன்னாங்க, வரலையே" என்று கடைத்தெருவில் சலித்துக்கொள்வார்கள். "ஓரிரு இடங்களில்" என்று அறிக்கை சொன்னால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள்தான் மழை பதிவாகும் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை. கோபியில் கொட்டும்போது நம்பியூரில் புழுதி பறக்கும். அதற்காக அறிக்கை பொய் என்று ஆகிவிடாது. எந்த ஊர் என்று முந்தின நாளே யாராலும் சொல்ல முடியாது. ராடாரில் மேகம் தெரிந்த பிறகு, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு என்று மாவட்டவாரியாக வரும் எச்சரிக்கைதான் தோட்டக்காரருக்கு உதவும். மஞ்சளா ஆரஞ்சா என்று நிறத்தைப் பார்த்தால் போதும், அவசரம் புரிந்துவிடும். தமிழக அரசின் டிஎன்-அலர்ட் செயலி எங்கள் வீட்டில் எல்லோர் போனிலும் இருக்கிறது. மின்னலுக்கு தாமினி செயலி இருக்கிறது.

மூன்று மணி நேரத்தில் வாழைக்கு முட்டுக் கொடுத்து முடியாது. அதைக் குலை தள்ளும்போதே, பங்குனிக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். சவுக்கோ மூங்கிலோ, மரம் சாய்கிற பக்கத்தில் கொடுத்துக் கட்டுகிறோம். கழி விலை கட்டாதவர்கள் நாடாவால் மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டுகிறார்கள். தண்ணீர் விஷயம்தான் சிக்கல். வெயிலுக்குப் பாய்ச்சியே ஆக வேண்டும், ஆனால் மண் ஊறிக் கிடந்தால் வேர்ப்பிடி தளரும். சொட்டுநீர் போட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சமாளிக்கிறார்கள். வாய்க்கால் பாசனக்காரர்கள் மாலைக் காற்றுக்கு எச்சரிக்கை உள்ள நாளில் முறையை ஒருநாள் தள்ளிப் போடுவது நல்லது.

எச்சரிக்கை வந்த பிறகு செய்ய வேண்டியது ஆட்களையும் மாடுகளையும் பார்ப்பதுதான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இதில் கண்டிப்பானவர். "அம்மிணி, மேக்கால புழுதி கெளம்பிருச்சு பாரு. கத்திய அங்கயே போட்டுட்டு ஆளுகள வரச்சொல்லு" என்று வரப்பிலிருந்தே கூப்பிடுவார். தூறலுக்குப் புளியமரத்தடியில் ஒதுங்குவது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். மின்னலுக்கு அதைவிட ஆபத்தான இடம் கிடையாது. தகரக் கொட்டகையும் பம்பு செட்டின் இரும்புக் குழாய்ப் பக்கமும் வேண்டாம். ஓட்டு வீடோ கான்கிரீட் வீடோ, உள்ளே போய்விட வேண்டும். மாட்டை மரத்தில் கட்டியிருந்தால் மேகம் திரளும்போதே அவிழ்த்துத் தொழுவத்துக்கு ஓட்டிவிட வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று நொடி என்றால் அது ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு வந்த பிறகு மாட்டை அவிழ்க்க வெளியே ஓடக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை எங்கள் ஆட்கள் யாரும் தோட்டத்துக்குள் இறங்குவதில்லை. விழுந்த மரத்தை அதற்குப் பிறகு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.