விழிஞ்ஞம்: கடலே அகழியான ஊர்

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கன்னியாகுமரியில் விரலை வையுங்கள். மேற்குக் கடற்கரை ஓரமாக விரலை நகர்த்துங்கள். குளச்சல் வரும். அடுத்து தேங்காய்ப்பட்டணம் வரும். பிறகு கேரளம் தொடங்கும். பூவாறு வரும். அதையும் தாண்டினால் விழிஞ்ஞம்.

திருவனந்தபுரம் நகரிலிருந்து தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். கோவளம் கடற்கரை பக்கத்தில்தான். 2010 முதல் விழிஞ்ஞம் திருவனந்தபுரம் மாநகராட்சியில் ஒரு பகுதி.

இன்று இது மீனவர் ஊர். பெரிய கப்பல் வரும் துறைமுகமும் உண்டு. ஆனால் 1100 ஆண்டுகளுக்கு முன் இது ஒரு நாட்டின் தலைநகரம். பாண்டியர், சேரர், சோழர் மூவருமே இதற்காகச் சண்டை போட்டார்கள்.

இந்தச் சிறிய ஊர் மீது அரசர்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை? சண்டையெல்லாம் முடிந்தபின் இங்கே மிஞ்சியவர்கள் யார்? தெரிந்துகொள்வோம்.

இயற்கை கொடுத்த துறைமுகம்

இந்தப் பக்கத்துக் கடற்கரை பெரும்பாலும் மணல் கரை. அலை நேராக வந்து மோதும். படகை இறக்குவதே கஷ்டம்.

விழிஞ்ஞத்தில் அப்படி இல்லை. இங்கே பாறைக் குன்றுகள் கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. அலை முதலில் பாறையில் மோதுகிறது. அதன் வேகம் குறைகிறது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாக இருக்கிறது. கரைக்குப் பக்கத்திலேயே ஆழமும் இருக்கிறது. அதனால் கப்பல் கரைக்கு அருகில் வர முடியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அப்போது பக்கத்து ஊர் மீனவர்கள் தங்கள் படகுகளை விழிஞ்ஞத்துக்குக் கொண்டு வருவார்கள். இங்கிருந்துதான் கடலுக்குப் போவார்கள். இது இன்றும் நடக்கிறது.

பழங்கால மாலுமிகளும் இதே வசதியைத் தேடித்தான் வந்தார்கள். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் ஒரு கடல் பயண நூல் எழுதப்பட்டது. அதில் 'பலீத்தா' என்று ஓர் ஊர் வருகிறது. கரையோரச் சிற்றூர், நல்ல துறைமுகம் உள்ளது என்று அந்த நூல் சொல்கிறது. அது விழிஞ்ஞம்தான் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள்.

கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் விழிஞ்ஞத்தில் அகழாய்வு செய்தார்கள். மண்ணுக்குள் பானை ஓடுகள் கிடைத்தன. சில மேற்கு ஆசியப் பானைகள். சில சீனப் பானைகள். உடைந்த பானைதானே என்று நாம் நினைக்கலாம். ஆனால் எந்த நாட்டுக் கப்பல் இங்கே வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆய் அரசர்கள்

விழிஞ்ஞத்தை ஆண்டவர்கள் ஆய் குலத்து அரசர்கள். பொதிகை மலைப் பகுதி அவர்களுடைய பழைய நாடு. கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பேரைச் சொல்வோம் அல்லவா? அவர்களில் ஆய் அண்டிரன் இந்தக் குலத்தைச் சேர்ந்தவர். புறநானூற்றுப் புலவர்கள் அவரைப் பாடியிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் இன்றைய குமரி மாவட்டமும் திருவனந்தபுரம் பகுதியும் ஆய் நாட்டில் இருந்தன. கிழக்கே பாண்டிய நாடு. வடக்கே சேர நாடு. நடுவில் இந்தச் சிறிய நாடு. இரண்டு பெரியவர்கள் நடுவில் ஒரு சிறியவர் நின்றால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் இடி விழும். அதுதான் நடந்தது.

எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் படையெடுத்து வந்தான். விழிஞ்ஞத்தை அழித்தான். யானைகளையும் குதிரைகளையும் செல்வத்தையும் கொண்டு போனான். அவனுடைய செப்பேடு இதைப் பெருமையாகச் சொல்கிறது. செப்பேடு என்றால் செம்புத் தகட்டில் எழுதிய ஆவணம். விழிஞ்ஞத்துக்குக் கடலே அகழி என்றும், அதன் மதில் மிக உயரமானது என்றும் அதில் எழுதியிருக்கிறது.

சேரர் படையும் வந்தது. அந்தச் சண்டையில் இரணகீர்த்தி என்ற வீரன் இறந்தான். அவன் பெயர் ஒரு கல்வெட்டில் இருக்கிறது. வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் அது வெட்டப்பட்டிருக்கிறது.

அடுத்து சோழர் வந்தார்கள். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் இராசராசனின் படை விழிஞ்ஞத்தைப் பிடித்தது. திருவாலங்காட்டுச் செப்பேடு இதைச் சொல்கிறது. பிறகு முதலாம் குலோத்துங்கன் காலத்திலும் இங்கே போர் நடந்தது. கலிங்கத்துப்பரணி என்ற நூலில் அந்தச் செய்தி இருக்கிறது.

வென்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பிறகு வணிகம் கொல்லம் துறைமுகத்துப் பக்கம் போனது. ஆய் நாடு வேணாட்டுடன் சேர்ந்துவிட்டது. விழிஞ்ஞம் மெல்ல மெல்லச் சிறிய ஊராகியது.

95 மாணவர்கள்

ஆய் அரசர்கள் போர் மட்டும் செய்யவில்லை. கோயில் கட்டினார்கள். பள்ளியும் வைத்தார்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில் கருநந்தடக்கன் என்ற அரசர் ஆண்டார். 866ஆம் ஆண்டு பார்த்திவசேகரபுரத்தில் ஒரு கோயிலும் சாலையும் அமைத்தார். அந்தக் காலத்தில் சாலை என்றால் தங்கிப் படிக்கும் கல்வி நிலையம். அந்த ஊருக்கு இப்போது பார்த்திவபுரம் என்று பெயர். குமரி மாவட்டத்தில் இருக்கிறது.

அந்தச் சாலையில் 95 மாணவர்களுக்கு இடம். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் உண்டு. ஒழுங்கு விதிகளும் உண்டு. மாணவர்கள் ஒருவரை ஒருவர் திட்டினால் அபராதம். இவையெல்லாம் செப்பேட்டில் இருக்கின்றன.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த 95 பேரும் வேதம் படிக்கும் மாணவர்கள். ஏர் உழுதவர் பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. வலை வீசியவர் பிள்ளைக்கும் இடம் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. அதனால் செப்பேட்டில் அரசர் பெயர் இருக்கிறது. துறைமுகத்தில் உழைத்தவர் பெயர் இல்லை.

இன்றும் பார்க்கலாம்

விழிஞ்ஞத்தில் ஒரு சிறிய குகைக் கோயில் இருக்கிறது. பாறையைக் குடைந்து செய்தது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளிச் சுவரில் சிவன், பார்வதி உருவங்கள் இருக்கின்றன. அவை பாதி செதுக்கிய நிலையிலேயே நிற்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை இதைப் பாதுகாக்கிறது.

கடலோரம் போனால் சிந்து யாத்திரை மாதா தேவாலயத்தைப் பார்க்கலாம். கடல் பயணத்தில் துணையிருக்கும் மாதா என்பது பொருள். பள்ளிவாசலும் கடற்கரையிலேயே இருக்கிறது. கிறிஸ்தவ மீனவர்களும் முஸ்லிம் மீனவர்களும் இந்தத் துறையில் தொழில் செய்கிறார்கள்.

கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு. உயரம் 36 மீட்டர். 1972இல் திறக்கப்பட்டது.

அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சியும் இங்கே நடந்தது. சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் 1991இல் அதை அமைத்தார்கள். கடலுக்குள் ஒரு கான்கிரீட் அறை. அலை உள்ளே ஏறும்போது காற்று அழுத்தப்படும். அந்தக் காற்று ஒரு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் சுற்றினால் மின்சாரம் கிடைக்கும். அதன் திறன் 150 கிலோவாட். இந்தியாவிலேயே இதுதான் முதல் முயற்சி. 2011இல் அது நிறுத்தப்பட்டது.

கடலும் மக்களும்

2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தது. விழிஞ்ஞம், பூந்துறை, குமரி மாவட்ட மீனவர்கள் பலர் கடலில் இறந்தார்கள். போனவர் வருவாரா என்று குடும்பங்கள் நாள் கணக்கில் கரையில் காத்திருந்தன.

அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. அப்போது இந்த மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. படகுகளை லாரியில் ஏற்றினார்கள். வெள்ளத்தில் மூழ்கிய ஊர்களுக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார்கள். துயரத்தில் இருந்தவர்களே மற்றவர் துயரம் தீர்க்க ஓடினார்கள்.

மீண்டும் கப்பல்கள்

இப்போது விழிஞ்ஞத்தில் ஒரு புதிய பெரிய துறைமுகம் இருக்கிறது. 2015 டிசம்பரில் வேலை தொடங்கியது. 2024 ஜூலையில் முதல் பெரிய கண்டெய்னர் கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இதனால் என்ன பயன்? மிகப் பெரிய கப்பல் எல்லாத் துறைமுகத்துக்கும் போக முடியாது. ஆழம் வேண்டும். முன்பு கப்பல் மாற வேண்டிய நம் நாட்டுச் சரக்கில் பெரும்பகுதி கொழும்பு, சிங்கப்பூர் போன்ற இடங்களில் கப்பல் மாறியது. அதற்கான பணம் வெளிநாட்டுக்குப் போனது. விழிஞ்ஞத்தில் இயற்கையாகவே சுமார் 18 மீட்டருக்கு மேல் ஆழம் இருக்கிறது. உலகக் கப்பல்கள் போகும் பாதையும் பக்கத்தில் இருக்கிறது. அதனால் இங்கேயே சரக்கை மாற்றலாம்.

மீனவர்களுக்கு வேறு கவலை இருக்கிறது. துறைமுகச் சுவர் கட்டியபின் வடக்கே கடல் கரையை அரிக்கிறது என்கிறார்கள். வீடு இழந்தவர்கள் பலர். மீன் பிடிக்கும் இடம் குறைகிறது என்றும் சொல்கிறார்கள். 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பெரிய போராட்டம் நடந்தது. கரை அரிப்புக்குத் துறைமுகம் காரணம் இல்லை என்று அரசும் துறைமுக நிறுவனமும் சொல்கின்றன.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஆழமான கடல்தான் இந்த ஊரின் செல்வம். அந்தக் காலத்தில் அந்தச் செல்வம் வென்ற அரசனோடு போனது. கரையில் இருந்தவரை யாரும் கேட்கவில்லை. அவர்களால் எழுதி வைக்கவும் முடியவில்லை. இன்று அவர்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆய்வு அறிக்கையைப் படிக்கலாம். மனு எழுதலாம். எங்கள் பங்கு என்ன என்று கேட்கலாம். கப்பலும் வர வேண்டும். கரையில் வீடும் நிற்க வேண்டும். இரண்டுக்கும் வழி காண்பதுதான் நல்ல வளர்ச்சி.

கலந்து பேசுங்கள்

1. விழிஞ்ஞம் நல்ல துறைமுகமாக இருப்பதற்கு என்ன காரணம்?

2. பார்த்திவசேகரபுரம் சாலையில் யார் படித்தார்கள்? யார் படிக்கவில்லை?

3. உங்கள் ஊரில் பழைய கல்வெட்டு, கோயில், கோட்டை ஏதாவது உண்டா? ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

4. உங்கள் பகுதிக்குப் பெரிய திட்டம் ஒன்று வந்தால், மக்கள் முதலில் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?