வலி நீங்கிய பின்னும் வேண்டும் பொறுமை



நபித்தோழர்களுள் ஓட்டத்தில் நிகரற்று விளங்கியவர் ஸலமா இப்னு அக்வஃ (ரலி) அவர்கள். அண்ணலாரின் கறவை ஒட்டகங்களைக் கவர்ந்து சென்ற கொள்ளையரைக் கால்நடையாகவே துரத்தி, அம்பெய்து மடக்கிய வீரர். அந்நிகழ்ச்சி முடிந்து மதீனா திரும்பும் வழியில், பெருமானார் (ஸல்) அவர்களின் அனுமதி பெற்று, அன்ஸாரித் தோழர் ஒருவருடன் பந்தயம் ஓடி வென்றவர். அத்தகையவரின் காலில் ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு கைபர் போரில் பலத்த அடி விழுந்தது. மக்கள் பதறினர். பெருமானார் அக்காயத்தின்மீது மும்முறை ஊதினார்கள். அதன்பின் அங்கு வலியே தோன்றவில்லை என்று அவர் பிற்காலத்தில் கூறியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

அது முஃஜிஸா, நபிக்கே உரிய அற்புதம். நமக்கு வகுக்கப்பட்ட வழி வேறு. மருந்து செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் வினவியபோது, செய்துகொள்ளுமாறே அண்ணலார் பணித்தார்கள். முதுமை ஒன்றைத் தவிர, மருந்தில்லாத பிணியை அல்லாஹ் இறக்கவில்லை என்றும் அறிவித்தார்கள். அம்மட்டோ! அவர்களே ஒருமுறை குதிரையினின்று வீழ்ந்தார்கள். வலப்புறம் காயமுற்றதென அனஸ் (ரலி) அவர்களும், பாதம் பிசகியதென ஜாபிர் (ரலி) அவர்களும் அறிவிக்கின்றார்கள். அக்காயம் அந்நொடியே ஆறிவிடவில்லை. நலம் விசாரிக்க வந்த தோழர்களுக்கு அமர்ந்தபடியே தொழவைத்தார்கள்.

இவற்றை நினைவூட்டக் காரணம், நாம் அறிந்த கடற்கரையூர்க் குடும்பம் ஒன்று. பதினாறு வயதுப் பிள்ளை. பள்ளிக் கால்பந்து அணியில் முன்னாட்டக்காரன். எவரும் மோதவில்லை. ஓடிய வேகத்தில் சட்டென்று திரும்பினான், உள்ளே ஏதோ அறுந்ததுபோல் ஓசை, முழங்கால் வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்றதும் வீடு நிம்மதியுற்றது. அந்த நிம்மதியே வினையாயிற்று. எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமேயன்றித் தசைநாரைக் காட்டாது. எண்ணெய் தடவி உருவியே இரண்டு மாதங்கள் கழிந்தன. உம்மம்மா கண்ணேறு என்றார். ஆட்டம் வேண்டாமென்று அப்போதே சொன்னேனே என வாப்பா நாள்தோறும் இடித்துரைத்தார். பிள்ளை பேச்சையே நிறுத்திக்கொண்டான். மாடிப்படியில் கால் நழுவி விழுந்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், முழங்காலின் நடுவே குறுக்காக ஓடும் இரு தசைநார்களுள் முன்னது முற்றிலும் அறுந்திருந்தது.

கண்ணேறு உண்மையே, ஓதிப் பார்ப்பதும் ஆகும். ஆனால் ஓதுவது மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதற்கு அன்று.

முற்றும் அறுந்த அத்தசைநார் தானே கூடுவது அரிது. தொடையின் பின்புறத்திலிருந்து நாண் எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகின்றனர். வளரும் பிள்ளையாயின் எலும்பின் வளர்முனை பழுதுறாவண்ணம் காக்கவேண்டும். பெண்மக்களுக்கு, அதே ஆட்டத்தில், இக்காயம் ஆண்பிள்ளைகளைவிட மிகுதியாக நேர்கிறது. ஊர் பேசுமென்று அவர்களின் வலியை மூடிவைப்போர் இதைக் கருதவேண்டும்.

இனித்தான் சோதனை. மூன்று மாதங்களில் வலி பெரும்பாலும் நீங்கிவிடும். பொருத்திய நாணோ உயிர்பெற்று உறுதியடைய இன்னும் பல மாதங்கள் ஆகும். வலியில்லையே என்று ஒன்பது மாதங்களுக்குள் ஆடுகளம் புகுவோருக்கு மீண்டும் அறுந்துபோகும் ஆபத்து அதிகம் என்பது மருத்துவர் கண்ட உண்மை. நோவு இருக்கும்போது பொறுமையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். நோவு தீர்ந்து, கால் துடிதுடிக்க, தோழர்கள் திடலில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனின் பொறுமையை எவர் கண்டுகொள்கிறார்? அதுவும் ஸப்ரே, வாப்பா இடித்துரைப்பதை விட்டு, காலைப் பயிற்சியின்போது பக்கத்தில் அமர்ந்து எண்ணத் தொடங்கியதும் ஸப்ரே. மகனுடைய வாய் திறந்தது அன்றைக்குத்தான் என்று உம்மா சொன்னார்.

ஆயினும் அவன் பள்ளிவாசலுக்கு வரவில்லை. முதியோர் வரிசையில் நாற்காலியிட்டு அமர வெட்கம். கட்டின்மேல் உளூ கூடுமோ என்ற ஐயம் வேறு. நம் வீடுகளில் பலருக்கும் உள்ள ஐயம் இது. உளூவில் கழுவவேண்டியது கணுக்கால் வரைதான். முழங்காலில் மட்டும் உள்ள கட்டு உளூவுக்குத் தடையன்று. கடமையான குளிப்பில்தான் கேள்வி எழும். நீர் படுவது தீங்கென மருத்துவர் கூறினால், நலமான பகுதிகளைக் கழுவிக் கட்டின்மீது ஈரக்கையால் தடவுவது ஹனபி மத்ஹபில் போதும். ஷாபிஈ மத்ஹபில் அத்துடன் தயம்மமும் செய்யவேண்டும். நிற்க முடிந்து ஸஜ்தா மட்டும் இயலாதவர், ஷாபிஈ மத்ஹபில் நிலையை நின்றே நிறைவேற்றிப் பின் அமர்வார். ஹனபி மத்ஹபில் தொடக்கத்திலிருந்தே அமர்ந்து தொழலாம். மடங்காத காலை நீட்டி அமர்வதில் குற்றமில்லை.

நோயுற்ற அடியானுக்கு, நலமாயிருந்தபோது செய்துவந்த அமல்களின் நன்மை குறைவின்றி எழுதப்படும் என்ற நபிமொழியை அவனிடம் எடுத்துரைத்தோம். அடுத்த ஜும்ஆவுக்கு வந்தான். நாற்காலியை அவனே தூக்கிவந்தான்.

இப்போது ஏழாம் மாதம். அஸருக்குப் பின் வாப்பாவும் மகனும் கடற்கரைச் சாலையில் மெல்ல ஓடுகின்றனர். பந்து வீட்டு அலமாரியின்மேல் இருக்கிறது. இறக்குவதற்கு இன்னும் இரண்டு மாதங்களேனும் ஆகும்.