அப்பாவின் சேமநிதியும் அண்ணனின் செமஸ்டரும்

கடந்த விடுமுறைக்கு ஈப்போவுக்கு வந்தபோது, பழைய எஸ்பிஎம் நூல்களைத் தேடி அண்ணனின் இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே அவனுடைய மூன்று செமஸ்டர் தேர்வு முடிவுகள் கிடந்தன. மூன்றிலும் தோல்வியுற்ற பாடங்கள் இருந்தன. வீட்டில் அவன் சொன்னதோ, "எல்லாம் ஓகேப்பா" என்ற ஒரே பதில்தான்.

அப்பா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பாட்டி பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு குடும்பம் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா லோரி ஓட்டினார். பிள்ளைகளின் கையில் பட்டம் இருக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

அண்ணன் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் டிப்ளோமா சேர்ந்தான். பிடிபிடிஎன் கடன் கைகொடுத்தது. ஆனால் சிஜிபிஏ 2.00-க்குக் கீழே இறங்கியதும் அந்தப் பணம் நின்றது. "பணம் தாமதமா வரும்பா" என்று அண்ணன் சொன்னதை நம்பி, அப்பா ஊழியர் சேமநிதியிலிருந்து 18,000 ரிங்கிட் எடுத்தார். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. மீதிக்கு அப்பாவின் பெயரில் வங்கிக் கடன்.

இந்த மூன்றில் எது ஆபத்தானது? வங்கிக் கடனுக்கு மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். பிள்ளை படிப்பை விட்டாலும் அது நிற்காது. அடகு நகையை உரிய காலத்தில் மீட்காவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். சேமநிதிப் பணத்தை மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அதனாலேயே அதன் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024-க்கான சேமநிதி லாப ஈவு 6.3 விழுக்காடு. அதைவிடக் குறைவாக 5 விழுக்காடு என்று வைத்தாலும், 18,000 ரிங்கிட் 12 ஆண்டுகளில் 32,000 ரிங்கிட்டைத் தாண்டும். அப்பாவுக்கு இப்போது 48 வயது. 60 வயதில் ஓய்வு பெறும்போது அந்தத் தொகை அவரிடம் இருக்காது. பிள்ளை மறுபடி படிக்கலாம். அப்பாவுக்கு மறுபடி 48 வயது வராது.

அன்றிரவு அண்ணனே எல்லாவற்றையும் சொன்னான். அப்பா திட்டவில்லை. "காசு போனா போகுதுடா. முதல் தடவையே சொல்லியிருந்தா, அடுத்த பீஸ் கட்டுறதுக்கு முன்னால யோசிச்சிருக்கலாமே" என்றார். அண்ணனால் தலைநிமிர முடியவில்லை.

நண்பர்களே, பாடத்தில் தோற்பது குற்றமல்ல. அதை மறைத்து அடுத்த கட்டணத்தைக் கட்ட வைப்பதுதான் பெற்றோரைச் சாய்க்கிறது. முதல் செமஸ்டரிலேயே தடுமாறினால் விரிவுரையாளரைப் பாருங்கள். ஒரு செமஸ்டரை ஒத்திவைக்க முடியுமா, துறை மாற முடியுமா என்று கேளுங்கள். ஈப்போவிலேயே 1969 முதல் உங்கு ஓமார் பொலிடெக்னிக் இருக்கிறது. அரசு பொலிடெக்னிக்கில் கட்டணம் மிகக் குறைவு. மலேசியத் திறன் சான்றிதழும் ஒரு வழிதான். அண்ணன் இப்போது கார் பட்டறையில் வேலை செய்துகொண்டு அந்தச் சான்றிதழுக்கு விசாரித்து வருகிறான். சம்பளத்தில் ஒரு பங்கு வங்கித் தவணைக்குப் போகிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பால் நிறுக்கும்போது கிராணி என்ன எடை எழுதுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பாட்டி நகர்வாராம். பிள்ளைமேல் நம்பிக்கை இருக்கட்டும். ஆனால், தேர்வு முடிவைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கட்டணத்தைக் கட்டுங்கள்.

இந்தச் செமஸ்டர் என் முடிவு வந்ததும் முதலில் அப்பாவுக்குத்தான் அனுப்பினேன். ஒரு பாடத்தில் சி. அதையும் சேர்த்தே அனுப்பினேன்.