புத்தகத்துக்கு விலை முலாம்பழம்!

எழுத்தாளர் தம் புத்தகங்களுக்கு என்ன விலை கேட்பார்? பணம் கேட்பார். ஆண்டுக்கு 12 முலாம்பழம் கேட்டவரும் உண்டு!

பிரான்சு நாட்டின் தெற்கே, புரோவான்ஸ் பகுதியில் கவாயோன் என்று ஓர் ஊர். முலாம்பழத்துக்குப் பெயர் போனது. 1864-ம் ஆண்டில் அந்த ஊர் நூலகத்துக்குப் புத்தகம் கேட்டு, அலெக்சாந்தர் துமாவுக்குக் கடிதம் போயிற்று. "மூன்று துப்பாக்கி வீரர்கள்" கதையை எழுதியவர் இவர்தான்.

புத்தகம் தருவதாகச் சொன்னார் துமா. பதிலுக்குத் தம் ஆயுள் உள்ளவரை ஆண்டுதோறும் 12 பழம் கேட்டார்! நகரசபையும் சம்மதித்தது. 1870-ல் அவர் இறந்தார்.

இன்றா, நாளையா?

இன்றும் அங்கே திங்கட்கிழமை காலையில் சந்தை கூடுகிறது. கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் கூடையோடு முன்னதாகவே போய்விட வேண்டும். நண்பகலில் கடையைக் கட்டிவிடுவார்கள்.

"சாப்பிடுவது இன்றா, நாளையா?" என்று கடைக்காரர் கேட்பார். அதற்கு ஏற்ற பழமாகப் பொறுக்கித் தருவார்.

நல்ல பழத்தை அறிவது எப்படி? கையில் கனக்க வேண்டும். காம்பைச் சுற்றி வெடிப்பு இருக்க வேண்டும். முகர்ந்தால் மணக்க வேண்டும். அறுத்தால் உள்ளே ஆரஞ்சு நிறம்! அங்கே இதைச் சாப்பாட்டுக்கு முன்பே உண்கிறார்கள்.

துமா பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தவர். விலையாகப் பணம் வாங்கியிருந்தால் அன்றே கரைந்திருக்கும். பழமோ, அடுத்த கோடையிலும் உண்டு!