மைக் முன்னால் கட்டிக்கொள்ளும் தொண்டை

மூட்டைக்குப் பத்து ரூபாய் வித்தியாசத்துக்காக அரை மணி நேரம் வாய் ஓயாமல் பேரம் பேசும் நெல் வியாபாரி, மைக்கைக் கையில் கொடுத்ததும் நாலு வாக்கியம் பேசத் திணறுவார். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனாலும் இதைக் காணலாம். ஒருவர் எழுந்து நின்றதுமே சொல்ல வந்ததை மறந்துவிடுவார். இன்னொருவர் எடுத்த எடுப்பிலேயே கத்தத் தொடங்கி, இரண்டு நிமிடத்தில் குரல் உடைந்து உட்கார்ந்துவிடுவார். வங்கி மேலாளர் முன் கடன் திட்டத்தை விளக்கும் ரைஸ் மில் உரிமையாளருக்கும், கண்காட்சியில் தலையாட்டி பொம்மையும் அப்பளமும் விற்க வரும் மகளிர் குழுப் பெண்களுக்கும் இதே சிக்கல்தான்.

பேச்சுத்திறன் பயிற்சி என்றால் பாவனை, உடை, நகைச்சுவை என்று சொல்லித் தருகிறார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் கவனிக்க வேண்டியவை தொண்டை, மூச்சு, வயிறு, இதயத் துடிப்பு.

உடம்புக்குள் நடப்பது

நூறு கண்கள் நம்மைப் பார்க்கும்போது மூளை அதை ஆபத்தாகக் கணக்கெடுக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. உமிழ்நீர் வற்றி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மூச்சு வயிற்றிலிருந்து மேலேறி நெஞ்சின் உச்சியில் நின்றுவிடுகிறது. குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவதால் குரல் மெலிந்து உயர்ந்து கீச்சென்று வருகிறது. பேசுகிறவருக்கு அறிவோ தைரியமோ குறைந்துபோகவில்லை, உடம்பு ஓடத் தயாராகிறது, அவ்வளவுதான்.

இந்தப் படபடப்பை அடக்க முயல்வதைவிடத் திசைதிருப்புவது எளிது. ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டவர்களைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். துடிக்கிற நெஞ்சுக்கு அமைதி என்ற பொய்யைவிட உற்சாகம் என்ற பெயர் பொருந்துகிறது போலும். கூடவே மூச்சையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டி, வயிறு அசைய ஐந்தாறு முறை மூச்சு விட்டாலே துடிப்பு சற்று இறங்கும்.

மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டால் கை நடுங்காது என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். ப்ரோப்ரனலால் என்ற அந்த மருந்து ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கிவிடும். நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரை இறங்குவதைக் காட்டும் படபடப்பையே மறைத்துவிடும். மருத்துவர் எழுதித் தராமல் தொடக் கூடாது. மேடை ஏறுமுன் ஒரு பெக் என்பது அதைவிட மோசம். தொண்டை வறளும், நாக்கும் குழறும்.

கத்தியே கெடும் குரல்

சாதாரணப் பேச்சில் ஆணின் குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்ணின் குரல் நாண்கள் 200 முறைக்கு மேலும் அதிர்கின்றன. கத்தும்போது அவை ஒன்றோடொன்று அறைந்துகொள்கின்றன. அறைந்துகொண்டே இருந்தால் வீங்கும். நாளடைவில் காய்ப்புப் போல முடிச்சு விழும்.

காவிரி டெல்டாவின் தொழில்களில் கத்தாமல் பிழைப்பது கடினம். அரவை மில்லில் இயந்திர இரைச்சல், கடைவீதியில் லாரி ஹாரன். சத்தம் கூடினால் குரலும் தானாக உயரும் என்பதை பிரான்ஸ் நாட்டு மருத்துவர் எத்தியேன் லொம்பார் நூறாண்டுக்கு முன்பே கவனித்துச் சொன்னார். உமித் தூசியும் தவிட்டுத் தூசியும் தொண்டையை அரிக்கும். ஆண்டுக்கணக்கில் இரைச்சலில் நின்றவருக்குக் காது மந்தமாகும், அதனால் வீட்டிலும் கூட்டத்திலும் உரத்தே பேசுவார். மில்லுக்குள் முகக்கவசமும் காதடைப்பானும் போடுவது நாளை மைக் பிடிக்கப் போகிற குரலுக்கும் பாதுகாப்பு.

வயிற்றிலிருந்தும் கேடு வரும். இரவு பத்து மணிக்குக் கடையடைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால், இரைப்பை அமிலம் மேலேறி குரல்வளையைச் சுடும். நெஞ்செரிச்சல் இல்லாமலேயே காலையில் குரல் கரகரக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். அடிக்கடி கனைப்பதை விட்டுவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கலாம்.

அதிமதுரம், பனங்கற்கண்டு, மிளகு எல்லாம் தொண்டைக்கு இதம் தருபவைதாம். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாண்களைத் தொடாது, தொட்டால் புரையேறிவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தினமும் மெல்லக் கூடாது, அது அழுத்தத்தை ஏற்றும். இன்னொரு தகவல்: எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

செம்மங்குடியின் தொண்டை

குரல் பிறவியில் அமைவது, நாம் என்ன செய்ய முடியும் என்று சொல்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. 1908-இல் திருக்கோடிக்காவலில் பிறந்த கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச அய்யருக்கு இளமையில் வாய்த்தது கரடுமுரடான குரல். பாட்டுக்கு லாயக்கில்லை என்று பெரியவர்கள் கைவிட்ட குரல் அது. விடாத சாதகத்தால் அதைத் தம் வசப்படுத்தி 1947-இல் சங்கீத கலாநிதி ஆனார். முதுமையிலும் மேடை ஏறினார்.

வியாபாரி கச்சேரி செய்யப் போவதில்லை. ஆனால் சாதகத்தின் அடிப்படை அவருக்கும் பொருந்தும்: குளிர்ந்த குரலை எடுத்த எடுப்பில் ஏற்றக் கூடாது. பேசப் போகும் அன்று காலை ஐந்து நிமிடம் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று கீழிருந்து மேலாக முனகலாம். தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்துக் குமிழி வர ஊதிக்கொண்டே குரல் கொடுப்பது, குரல் சிகிச்சையாளர்கள் கற்றுத் தரும் பயிற்சி. நாண்கள் பலமாக மோதாமல் அதிரப் பழகும்.

இன்னொரு உதாரணம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. 1869-இல் பிறந்து, பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, ‘வெள்ளி நா’ படைத்தவர் என்று உலக அரங்குகளில் பெயர் வாங்கினார். அந்தப் பெயர் உரத்துப் பேசியதால் வரவில்லை, உச்சரிப்புத் தெளிவால் வந்தது. மைக் இருக்கும்போது கத்துவது மைக்குக்கும் நமக்கும் வீண். வாயிலிருந்து நாலைந்து விரல்கடை தள்ளிப் பிடித்து, எதிரில் இருப்பவரிடம் பேசுவது போலப் பேசினால் போதும்.

நாலு வாக்கியம்

படபடப்பைக் குறைக்கும் மருந்துகளில் சிறந்தது தயாரிப்பு. முழு உரையையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தவறியதும் எல்லாம் போய்விடும். முதல் நாலு வாக்கியம் மட்டும் வாயில் நிற்கட்டும். குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர் இப்படித் தொடங்கலாம்: “எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தில் ஒரு வாரமாக நெல் கிடக்கிறது. மழையில் ஈரப்பதம் 20 சதவீதம் ஆகிவிட்டது. விதி 17 சதவீதம்தான் அனுமதிக்கிறது. 22 வரை தளர்த்த அரசுக்குப் பரிந்துரை செய்ய வேண்டும்.” இவ்வளவுதான். வங்கியிலும் இதே வரிசைதான்: யார், என்ன நிலை, எவ்வளவு தேவை, எப்போதுக்குள்.

வீட்டில் இரண்டு பேர் முன், பிறகு குழுக் கூட்டத்தில் பத்துப் பேர் முன் என்று கூட்டிக்கொண்டே போனால் மூளை பழகிவிடும். திக்குவாய் உள்ளவர்களும் பேசலாம். பேச்சுப் பயிற்சியாளர் உதவுவார், கேட்பவர் அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும்.

மருத்துவரிடம் எப்போது

கூட்டம் என்றாலே தூக்கம் கெட்டு, அதற்குப் பயந்தே தொழிலிலும் ஊர் நிகழ்ச்சியிலும் ஒதுங்குகிறவருக்கு அது வெறும் கூச்சமாக இருக்காது. சமூகப் பதற்றக் கோளாறுக்குப் பேச்சுவழி சிகிச்சையும் மருந்தும் உண்டு. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டிவிட வேண்டும். வெற்றிலைச் செல்லம் இல்லாத மண்டி டெல்டாவில் அபூர்வம். பாக்குச் சீவலையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்களும், விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம் காண்பவர்களும் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. குரல்வளைப் புற்று தொடக்கத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் குரலைக் காப்பாற்றியே குணப்படுத்த முடிகிறது.