ஆறாம் ஆண்டுக்கும் நான்காம் படிவத்திற்கும் இடையில்: இடைநிலைப்பள்ளியின் முதல் மூன்றாண்டுக் கணிதம்

தமிழ்ப்பள்ளியில் கணிதத்தில் சிறந்து விளங்கிய மாணவர்கள் பலர், நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் என்றதும் பின்வாங்குவதைக் காண்கிறோம். சிக்கல் நான்காம் படிவத்தில் தொடங்குவதில்லை, அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. பொறியியலுக்கும் அறிவியலுக்கும் செல்லும் வழி அந்த மூன்றாண்டுகளில்தான் திறக்கிறது அல்லது அடைபடுகிறது. ஆகவே, அங்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை நாம் அறிந்திருப்பது நலம்.

தேர்வுகளும் பாடத்திட்டமும்

நம் முன்னாள் மாணவர்களில் பலர் பி.எம்.ஆர். எழுதியவர்கள். அத்தேர்வு 1993 முதல் 2013 வரை நடந்தது. 2014-இல் வந்த பிடி3 தேர்வு 2022-இல் நீக்கப்பட்டது. தேர்வுகளின் பெயர்கள் மாறினாலும் கணிதத்தின் அடிப்படை மாறவில்லை. 2017-இல் முதல் படிவத்தில் அறிமுகமான கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டத்தில் முதல் படிவத்திற்கு 13, இரண்டாம் படிவத்திற்கு 13, மூன்றாம் படிவத்திற்கு 9 என மொத்தம் 35 பாடங்கள் உள்ளன.

முதல் படிவத்தில் எதிர்மறை எண்கள், காரணிகள், வர்க்கமூலம், விகிதம், இயற்கணிதக் கோவைகள், நேரியல் சமன்பாடு, கோணங்கள், கணங்கள், பைதாகரஸ் தேற்றம் ஆகியவை வருகின்றன. இரண்டாம் படிவத்தில் காரணிப்படுத்துதல், வட்டம், முப்பரிமாண வடிவங்கள், வரைபடங்கள், சாய்வு, நிகழ்தகவு ஆகியவையும், மூன்றாம் படிவத்தில் அடுக்குகள், சேமிப்பும் முதலீடும், கடன், முக்கோணவியல் விகிதங்கள், நேர்க்கோடு ஆகியவையும் வருகின்றன.

எண்ணிலிருந்து எழுத்துக்கு

இவற்றுள் மிகப் பெரிய தாவல் இயற்கணிதம்தான். 'ஓர் எண்ணின் மூன்று மடங்கோடு 5-ஐக் கூட்டினால் 26. அந்த எண் எது?' என்று கேட்டால் ஆறாம் ஆண்டு மாணவர் விடை சொல்லிவிடுவார். 26-இலிருந்து 5-ஐக் கழித்து 3-ஆல் வகுத்தால் 7. பின்னோக்கி நடந்தால் போதும்.

'ஓர் எண்ணின் மூன்று மடங்கோடு 5-ஐக் கூட்டினாலும், அதே எண்ணோடு 19-ஐக் கூட்டினாலும் ஒரே விடை வருகிறது' என்றால் என்ன செய்வது? பின்னோக்கி நடக்க ஒரு தொடக்க எண்ணே இல்லை. தெரியாத எண்ணுக்கு 'க' என்று பெயரிட்டு, 3க + 5 = க + 19 என்று எழுத வேண்டும். இருபுறமும் ஒரு 'க'-வை நீக்கினால் 2க + 5 = 19; 2க = 14; க = 7. தெரியாத ஒன்றைத் தெரிந்ததைப் போலக் கையாளும் இந்தப் பழக்கமே மேற்படிவக் கணிதத்தின் அடித்தளம். நான்காம் படிவக் கணிதத்தின் முதல் பாடமே இருபடிச் சமன்பாடு. இரண்டாம் படிவத்தில் காரணிப்படுத்தக் கல்லாதவருக்கு அப்பாடம் விளங்காது.

பால்மரத்தில் ஒரு முக்கோணம்

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் பால்மரம் வெட்டினார்கள். அந்த வெட்டுக்கோட்டிலேயே மூன்று படிவங்களின் கணிதமும் இருக்கிறது. மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பாதி மரத்தைச் சுற்றி, 30 பாகைச் சாய்வில் வெட்டுக்கோடு இறங்குகிறது. அதன் நீளம் என்ன?

மரத்தை ஓர் உருளையாகக் கருதி, அதன் பாதிப் பட்டையை உரித்துத் தட்டையாக விரித்ததாகக் கற்பனை செய்யுங்கள். இது இரண்டாம் படிவப் பாடம். வளைந்த வெட்டு இப்போது நேர்க்கோடாகி, ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. அதன் அடிப்பக்கம் 25 சென்டிமீட்டர். மூன்றாம் படிவ முக்கோணவியலின்படி, உயரம் 25 × டான் 30° = ஏறக்குறைய 14.4 சென்டிமீட்டர். முதல் படிவத்து பைதாகரஸ் தேற்றத்தின்படி, வெட்டின் நீளம் ஏறக்குறைய 28.9 சென்டிமீட்டர்.

மங்கிலிருந்து சேர்த்த பாலுக்கும் கணக்கு உண்டு. பாலில் 30 விழுக்காடு உலர்ந்த ரப்பர் என்றால், 20 கிலோ பாலில் 6 கிலோ. தமிழ்ப்பள்ளியில் இது விழுக்காட்டுக் கணக்கு. இடைநிலைப்பள்ளியில் இதையே ஒரு நேர்க்கோடாக வரையலாம். அக்கோட்டின் சாய்வு 0.3. பால் தண்ணீராக இருந்தால் கோடு தாழும், கெட்டியாக இருந்தால் நிமிரும்.

மொழியின் சுமை

நம் மாணவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. நான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஈப்போவில் உள்ள தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். பரப்பளவு 'லுவாஸ்' ஆனது, பின்னம் 'பெச்சாஹான்' ஆனது, சமன்பாடு 'பெர்சாமாஆன்' ஆனது. கருத்து தெரிந்தும் சொல் தெரியாமல் கை தூக்காதவர்கள் வகுப்பில் இருந்தார்கள். ஆசிரியர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 2003-இல் கணிதம் ஆங்கிலத்திற்கு மாறியதையும், 2011-இல் முதலாம் ஆண்டிலிருந்து மீண்டும் தமிழுக்குத் திரும்பியதையும் நம் முன்னாள் மாணவர்கள் அறிவார்கள். இத்தகைய மாற்றங்களுக்கிடையே, ஒரு கருத்தைத் தாய்மொழியில் தெளிவாகப் பெற்றவருக்கு வேற்றுமொழிச் சொல் ஒரு புதுப் பெயர் மட்டுமே. ஆனால் அந்தப் பெயரை யாராவது சொல்லித்தர வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, சுங்கை சிப்புட்டோ பீடோரோ, மூன்றாம் படிவத்தில் படிக்கும் தம்பி தங்கையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். –3-இலிருந்து –5-ஐக் கழித்தால் என்ன? 3க + 5 = க + 19 என்றால் 'க' என்ன? க² – 9-ஐக் காரணிப்படுத்த முடியுமா? முதல் கேள்வியில் தடுமாறினால் முதல் படிவத் தொடக்கத்திற்கும், இரண்டாவதில் தடுமாறினால் நேரியல் சமன்பாட்டிற்கும், மூன்றாவதில் தடுமாறினால் இரண்டாம் படிவத்திற்கும் திரும்பிச் செல்லுங்கள்.

ஆறாம் ஆண்டு மாணவருக்கு ஒரு சிறு குறிப்பேடு வாங்கிக் கொடுத்து, தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று நிரல்களில் கணிதச் சொற்களை எழுதச் செய்யுங்கள். ஐம்பது சொற்கள் போதும். மூன்றாண்டுக் கணிதத்தை ஒரே விடுமுறையில் கற்பித்துவிட முடியாது. ஆயினும் எந்தப் படியில் கால் இடறுகிறது என்பதைக் கண்டு சொல்ல ஒரு மாலைப்பொழுது போதும்.